தலையில் அடித்துக்கொண்ட பெண்

மார்ச் 3, திங்கள்

ஆபீஸில் ஒரே அமர்க்களம். பத்திரிகைக்கு ஐம்பது வயதாகிறதாம். மாதக் கடைசியில் படக் கண்காட்சி. ஐம்பது வருடப் படங்களில் ஐம்பதைப் பொறுக்க வேண்டியது படப் பிரிவுத் தலைவியான நான். உண்மையில் நான் பொறுக்கப் போவது நாற்பத்தொன்பதுதான். ஒன்றை ஆசிரியர் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டார். வேறென்ன, "தாய்".

ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஐந்து மாடிக் கட்டடம் ஒன்று இடிந்து விழுந்த அன்று எடுத்த படம். தூசி அப்பிய முகம், வானத்தைப் பார்க்கும் கண், கதறும் வாய், தலையில் அடித்துக்கொள்ளும் கை. கீழே "மகனை இழந்த தாய்" என்று ஒரு வரி. வெளிநாட்டிலிருந்து பரிசு வந்தது. எடுத்தவனுக்கு அன்றைக்கு நான் வைத்த பெயர்தான் விருது. இன்றுவரை ஆபீஸில் எல்லாரும் அவனை அப்படித்தான் சொல்கிறார்கள், அவன் முதுகுக்குப் பின்னால். பல்வலி என்று லீவு கேட்டால்கூட "விருது வாங்கப் போனப்ப ஆரம்பிச்ச வலி" என்பான். எனக்கு அவன் மரியாதை கொடுப்பதும் கணக்காகத்தான். காரியம் ஆக வேண்டுமென்றால் "அக்கா", ஆகிவிட்டால் "மேடம்".

அவன் அன்றைக்கு அனுப்பியது என்ன படம்? பத்துப் பதினைந்து பேர், கம்பி, கயிறு, பாதி கிரேன், எவனுடைய முதுகோ. சந்தைக் கூட்டம் மாதிரி இருந்தது. அதிலிருந்து அந்த ஒரு முகத்தைக் கண்டுபிடித்து, நாலு பக்கமும் வெட்டி, கறுப்பு வெள்ளையாக்கி முதல் பக்கத்தில் போட்டது யார்? நான். ஒன்பது வருடமாக எந்த மேடையிலாவது எவனாவது அதைச் சொன்னானா? வாயில் என்ன கொழுக்கட்டையா?

வீட்டில் புலம்பினேன். அக்கா பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "அழறது அந்தப் பொம்பள. அதுக்கு யார் பேர் வாங்கணும்னு உங்களுக்குள்ள சண்டையா?" என்றாள். முப்பது வருடம் நர்ஸாக இருந்தவள். பேச்சிலும் ஊசிதான் போடுவாள்.

மார்ச் 5, புதன்

இன்று பயிற்சி வகுப்பு. "அனைவரையும் உள்ளடக்கும் படங்கள்." வெளியிலிருந்து ஒரு பயிற்சியாளர் அம்மா வந்திருந்தார். ஊதா நிறப் புடவை, ஊதா நிற ஃபைல், "யாரும் விடுபடக் கூடாது" என்று ஒரு மணி நேரப் பேச்சு. எல்லாரும் மண்டையை ஆட்டினார்கள். நடந்தது இரண்டாம் மாடியில். லிஃப்ட் கெட்டுப்போய் மூன்று வாரம் ஆகிறது. சக்கர நாற்காலியில் வரும் எங்கள் புரூஃப் ரீடர் கீழேயே இருந்துவிட்டார். வகுப்பு முடிந்ததும் மொத்தக் கூட்டமும் இறங்கி வந்து, அவரை நடுவில் வைத்துப் படம் எடுத்துக்கொண்டது.

"இந்த வாரம் மூணாவது தடவையா என்னை உள்ளடக்கிட்டாங்க மேடம்" என்றார் என்னிடம். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

பக்கத்துக்குப் பக்கம் ஒட்டிக்கொள்ள ஒரு படிவம் வேறு கொடுத்திருக்கிறார்கள். பெண், முதியவர், மாற்றுத்திறனாளி, உழைப்பாளி என்று கட்டங்கள். டிக் போட்டால் அந்தப் பக்கம் தூய்மை அடைந்துவிடும்.

"படத்தில் இருப்பவரிடம் பேசிவிட்டுத்தான் பெயரும் விவரமும் போடுகிறீர்களா?" என்று அந்த அம்மா கேட்டபோது எல்லாரும் கை தூக்கினோம். நானும்தான்.

மார்ச் 6, வியாழன்

லிஃப்ட் இன்னும் சரியாகவில்லை. படிவம் மட்டும் ஐந்நூறு அச்சாகி வந்துவிட்டது.

மார்ச் 10, திங்கள்

"தாய்" படத்தை இரண்டு மாடி உயரத்துக்கு பேனராக அடித்து, ஆஸ்பத்திரிக்குப் புதுக் கட்டடம் எழும்புகிற இடத்துக்கு எதிரே கட்டிவிட்டார்கள். விருது அதற்குக் கீழே நின்று தன்னையே படம் எடுத்துக்கொண்டான். அதையும் எனக்கு அனுப்பினான், "அக்கா எப்படி இருக்கு?" என்று. அக்கா என்றால் ஏதோ காரியம் இருக்கிறது.

இருந்தது. கண்காட்சிக் குறிப்பை நான் எழுதித் தர வேண்டுமாம். நேரே ஆசிரியர் அறைக்குப் போய், என் பேரும் வர வேண்டும் என்று கேட்டேன். வெட்கத்தை விட்டுத்தான் கேட்டேன். "தாராளமா" என்றார் அவர், டீயை உறிஞ்சிக்கொண்டே. "படத் தேர்வும் வடிவமும்" என்று போட்டு என் பெயர்.

ஒன்பது வருடம் காத்திருந்தது ஒரு வாய் டீயில் முடிந்தது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கு நானே சிரித்துக்கொண்டு வந்தேன். விருதைக் கிண்டல் செய்ய எனக்கு என்ன யோக்கியதை?

மார்ச் 12, புதன்

இதை ஒழுங்காக எழுதி வைக்க வேண்டும்.

பதினோரு மணிக்கு வரவேற்பிலிருந்து போன். "ஒரு அம்மா வந்திருக்காங்க. பேனர்ல இருக்கிறது நான்தாங்கிறாங்க." உதவி கேட்டு வந்திருப்பார் என்று நினைத்தேன். முகத்தை அதற்கேற்றபடி சோகமாக வைத்துக்கொண்டுதான் கீழே போனேன். இப்போது நினைத்தால் அந்த முகத்தில் நாலு அறை விடலாம் போலிருக்கிறது.

நாற்பத்தைந்து வயதிருக்கும். பக்கத்தில் நெடுநெடுவென்று ஒரு பையன். நான் ஆரம்பித்தேன்: "உங்க மகன் விஷயத்துல நாங்க எல்லாருமே ரொம்ப..."

"இவன்தாங்க" என்றார்.

"யார்?"

"நீங்க செத்துட்டான்னு போட்டீங்களே, அந்த மகன். எனக்கு ஒரே பிள்ளை."

பையன் தரையைப் பார்த்துக்கொண்டு வணக்கம் சொன்னான். பத்தொன்பது வயதாம்.

அவர் பதற்றமே இல்லாமல் சொன்னார்: "நான் அழலைங்க. கிரேன்காரருக்கு சைகை காட்டிட்டிருந்தேன்."

எழுந்து நின்று காட்டினார். வலது கையை மூடித் தலை உச்சியில் இரண்டு தட்டு. "கிரேன்ல ரெண்டு கொக்கி இருக்கும். தலையில தட்டினா பெரிய கொக்கி, முழங்கையைத் தட்டினா சின்னது. அன்னிக்கு அந்தச் சத்தத்துல அவர் சின்னதை இறக்கிட்டார். அந்தக் கனத்துக்கு அது தாங்காது. அதான் பெருசு, பெருசுன்னு தட்டினேன். வானத்தைப் பாக்கலை, கிரேன்காரர் மேலதான உக்காந்திருப்பார்?"

"வாய் திறந்து..."

"உங்க ஆளு கொக்கி வர்ற வழியில நின்னு படம் எடுத்துட்டிருந்தார். தள்ளிப் போய்யான்னு கத்தினேன். இன்னும் ரெண்டு வார்த்தையும் சேர்த்து. அது உங்களுக்கு வேணாம்."

ஹெல்மெட் எங்கே என்று கேட்டேன், ஏதோ அவரை மடக்கிவிடுவதுபோல. இடிபாட்டுக்குள் நுழைந்த ஒரு ஆளுக்குக் கழற்றிக் கொடுத்துவிட்டாராம்.

படம் வந்தது அவருக்கு அப்போதே தெரியும். சொந்தக்காரர்கள் கேலி செய்தார்கள், சிரித்துவிட்டு விட்டுவிட்டார். வெளியூரில் வேலை. இப்போது இங்கே ஆஸ்பத்திரிக் கட்டடத்தில் கிரேன் சைகை வேலைக்குச் சேர்ந்திருக்கிறார். சைட் மேனேஜர் ஜன்னலைத் திறந்தால் எதிரே எங்கள் பேனர். அந்த மனிதருக்கு இரக்கம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. இவ்வளவு பட்டவர் இனிக் கிரேன் கீழே நின்று பதற வேண்டாம் என்று, கையுறையும் பூட்ஸும் எடுத்துக் கொடுக்கும் ஸ்டோர் ரூமில் உட்கார வைத்துவிட்டார்.

"மகன் இருக்கான்னு சொல்லலையா?"

"கூட்டிட்டே போனேங்க. இவன் முதுகைத் தட்டிக் கொடுத்துட்டு, இவர் சின்னவரான்னு கேட்டார்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை.

"பேப்பர்ல போட்டது பொய்யா இருக்குமாங்கிறார். பெரிய கிரேனுக்கு ஆள் பேரை மாசக் கடைசியில எழுதறாங்க. அதுல பேர் வரலைன்னா கட்டடம் முடியற வரைக்கும் எனக்கு ஸ்டோர்தான். பதினாறு வருஷமா இந்த வேலை பாக்கறேன். நீங்க ஒரு லெட்டர் கொடுங்க. மகன் சாகலை, இந்தம்மா அழலை, வேலை பாத்துட்டிருந்தாங்கன்னு."

"படத்தை எடுத்துடணுமா?"

"அது உங்க இஷ்டம். போட்டா முழுசா போடுங்க. நான் என்ன செஞ்சிட்டிருந்தேன்னு எழுதுங்க."

பார்க்கிறேன் என்றேன். எல்லா ஆபீஸிலும் எல்லாரும் சொல்வதுதான்.

மார்ச் 13, வியாழன்

காப்பகத்திலிருந்து வெட்டாத படத்தை எடுத்துப் பார்த்தேன். ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக. கலரில்.

அவர் போட்டிருப்பது பளபளக்கும் ஆரஞ்சு ஜாக்கெட், பாதுகாப்புக்குப் போடுவார்களே, அது. நான் கறுப்பு வெள்ளையாக்கியதும் அது ஏதோ பழைய துணியாகிவிட்டது. இடது கையில் வாக்கி டாக்கி. அது வெட்டில் போய்விட்டது. தலைக்கு மேலே கிரேனின் கை, இரண்டு கொக்கி, மேலே கூண்டில் கிரேன்காரரின் முகம்கூடத் தெரிகிறது. "கம்பி குறுக்கே வருது" என்று அன்று நான்தான் சொன்னேன். அதுகூட நினைவிருக்கிறது.

அவரைச் சுற்றியிருந்த ஒவ்வொன்றும் அவர் என்ன வேலை செய்கிறார் என்பதைத்தான் சொல்கிறது. ஒவ்வொன்றையும் தேடித் தேடி வெட்டியிருக்கிறேன். இதற்குத்தான் பெயர் கேட்டேன்.

மார்ச் 14, வெள்ளி

ஆசிரியரிடம் சொன்னேன். இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். நீண்ட நேரம் பார்த்தார். பிறகு சொன்னார்: "ஆனா முகத்துல துயரம் இருக்கே."

"அது கோபம் சார்."

"பாக்கறவங்களுக்குத் துயரமாத்தானே தெரியுது?"

இந்த மனிதர்தான் வருடத்துக்கு நாலு கல்லூரியில் போய் "உண்மையின் பக்கம் நிற்போம்" என்று பேசிவிட்டு வருகிறார். பேனர் கட்டியாகிவிட்டதாம், அழைப்பிதழ் போய்விட்டதாம், பரிசு கொடுத்தவர்கள் திருப்பிக் கேட்பார்களாம். கடைசியில் பெரிய மனது பண்ணி, "மகனை இழந்த தாய்" என்பதை "ஒரு தாய்" என்று மாற்றிக்கொள்ளலாம் என்றார். பாதிப் பொய்க்கு இறங்கி வந்தார்.

லெட்டர்? "கண்காட்சி முடியட்டும்."

மார்ச் 15, சனி

அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "ஆஸ்பத்திரியில ஒருத்தரை செத்துட்டார்னு எழுதறதுக்கு முன்னாடி நாடி பாப்போம், கண்ணு பாப்போம், மிஷின் வெச்சுப் பாப்போம். நீங்க டீ குடிச்சிட்டே எழுதிடுவீங்க போல" என்றாள்.

டீ குடிக்கவில்லை என்று வேண்டுமானால் சொல்லியிருக்கலாம்.

மார்ச் 17, திங்கள்

விருதைக் காபி மிஷின் பக்கத்தில் பிடித்தேன். நாலு பேர் முன்னால் கிழித்துத் தொங்கவிட வேண்டும் என்றுதான் போனேன். "அந்தம்மா உன்னைத் தள்ளிப் போன்னு கத்தினாங்களாமே. காது கேக்கலையா?"

"அங்க எல்லாருமேதான் கத்தினாங்க அக்கா." பிறகு குரலைத் தாழ்த்தினான். "ஆனா ஒண்ணு. மகனை இழந்ததுன்னு நான் எழுதலை."

"நீதான் போன்ல சொன்னே."

"நீங்க கேட்டீங்க. யாரு இந்தம்மா, பையன் கியன் உள்ள இருக்கானான்னு. நிறையப் பசங்க மாட்டிட்டிருக்காங்களாம்னு நான் சொன்னேன். வெச்சுட்டீங்க."

பொய் சொல்கிறான் என்று நினைக்க ஆசையாக இருந்தது. முடியவில்லை. பக்கம் மூட பத்து நிமிடம் இருந்தது. "மாட்டிட்டிருக்காங்களாம்" என்பதை "இழந்த" என்று ஆக்கியது என் விரல்தான். எனக்கு ஒரு தாய் வேண்டியிருந்தது. கண்ணில் பட்டவரைத் தாயாக்கிவிட்டேன்.

கிழிக்கப் போனவளின் மூக்கு உடைந்ததுதான் மிச்சம். காபியும் ஆறிப்போனது.

மார்ச் 19, புதன்

பயிற்சியாளர் அம்மாவுக்கு விஷயம் போயிருக்கிறது. துள்ளிக் குதித்துக்கொண்டு வந்துவிட்டார். "அற்புதம்! அவங்க கதையை அவங்களே சொல்லட்டும்!" ஒரு முழுப் பக்கம். அப்போது, இப்போது. இடப்பக்கம் பழைய படம் அப்படியே, வலப்பக்கம் அதே பெண் ஹெல்மெட்டோடு சிரித்தபடி. துயரத்திலிருந்து எழுந்த தாயாம். ஆசிரியருக்கும் ரொம்பப் பிடித்துவிட்டது. படிவத்தில் பெண், உழைப்பாளி இரண்டு கட்டமும் ஒரே படத்தில் நிரம்பிவிடும்.

போனில் படத்தில் இருப்பவரிடம் கேட்கும் வேலையை என் தலையில் கட்டினார்கள்.

"எந்தத் துயரத்திலிருந்துங்க எழுந்தேன்?" என்று கேட்டார்.

ஹெல்மெட்டோடு சிரித்தபடி ஒரு படம் போதும் என்றேன்.

"அன்னிக்கு அழ வெச்சீங்க. இப்பச் சிரிக்கணுமா? ரெண்டும் வேணாம் மேடம். லெட்டர் என்னாச்சு?"

மார்ச் 20, வியாழன்

நான் என்ன செய்ய முடியும்? லெட்டர்பேடு ஆசிரியர் மேஜையில் இருக்கிறது. நான் வெறும் பிரிவுத் தலைவி. ஓய்வு பெற மூன்று வருடம். நான் கொடுக்கும் லெட்டர் செல்லுமா? அந்த மேனேஜர் ஒரு முட்டாள், உயிரோடு நிற்கும் பிள்ளையைப் பார்த்தும் நம்பாத ஜென்மம். அவனைத் திருத்துவது என் வேலையா?

சும்மா இரு. இதெல்லாம் சப்பைக்கட்டு. பயமா இருக்கு, அவ்வளவுதான். பயமா இருக்குன்னு எழுதேன், யார் பாக்கப் போறாங்க. லெட்டர்ல "இந்த வரியை எழுதியது நான்"னு போடணும். அது கண்ணாடி மாட்டின சட்டத்துல வரப்போற என் பேர் இல்லை, வேற மாதிரிப் பேர். அதுதான் கசக்குது. கூட்டமா எல்லாரும் தப்பு பண்ணினோம்னு ஒரு லெட்டர் கிடைச்சா முதல் ஆளா கையெழுத்துப் போட்டிருப்பேன்.

மார்ச் 23, ஞாயிறு

எழுதிவிட்டேன். ஏழு தடவை கிழித்தேன். எல்லாவற்றிலும் "எதிர்பாராத விதமாக", "தகவல் பிழை காரணமாக" என்று ஏதாவது ஒன்று நுழைந்துவிடுகிறது. முப்பது வருடப் பழக்கம். அக்கா ஒவ்வொன்றாக வாங்கிப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். "யாரு எழுதினது? பிழை தானா வந்து உக்காந்துச்சா?"

எட்டாவது இது:

"இந்தப் படத்தில் இருப்பவர் கிரேன் சைகைப் பணியாளர். அவர் அழவில்லை. பெரிய கொக்கியை இறக்கச் சொல்லிச் சைகை காட்டுகிறார். அவருடைய மகன் உயிரோடு இருக்கிறார். யாரையும் கேட்காமல் அப்படி எழுதியவள் நான். கிரேன் தெரியாதபடி படத்தை வெட்டியவளும் நான். வெட்டாத படத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன்."

அக்கா படித்துவிட்டுப் பேனாவை நீட்டினாள்.

மார்ச் 24, திங்கள்

காலையில் சைட் வாசலில் போய் அவர் கையில் கொடுத்தேன். நின்றபடியே இரண்டு தடவை படித்தார். "இது போதும்" என்று மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். நன்றி சொல்லவில்லை. சொல்லாததுதான் சரி.

பிரதி ஒன்று ஆசிரியருக்கு, ஒன்று பரிசு கொடுத்தவர்களுக்கு. இரண்டாவதை ஈமெயிலில் அனுப்பிவிட்டுத்தான் முதலாவதைக் கொடுத்தேன். அவ்வளவு தைரியம்தான் எனக்கு.

ஆசிரியர் அறைக் கதவை மூடிக்கொண்டு கத்தினார். வெளியே டைப்பிஸ்ட் வரைக்கும் கேட்டிருக்கும். "பத்திரிகையோட ஐம்பது வருஷ மானத்தை நடுத்தெருவுல போட்டுட்டீங்களே!" இரண்டு மாடி உயரத்துக்கு அதை நடுத்தெருவில் கட்டியதே நீங்கள்தான் சார் என்று சொல்ல நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டேன். ஒரு நாளைக்கு ஒன்று போதும்.

மார்ச் 28, வெள்ளி

கண்காட்சி தொடங்கியது. நாற்பத்தொன்பது படம். "தாய்" இருக்க வேண்டிய நடுச்சுவரில் ஒரு பூந்தொட்டி. ஆசிரியர் அதற்குப் பக்கத்தில் நின்று, தவற்றை ஒப்புக்கொள்ளும் துணிவு பற்றி இருபது நிமிடம் பேசினார். கைதட்டல் அள்ளியது. பயிற்சியாளர் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். விருது வரவில்லை. பரிசைத் திரும்பப் பெறுவதாக நேற்று கடிதம் வந்திருக்கிறது. அவனை நினைத்துக் கொஞ்சம் பாவமாக இருந்தது. இது எனக்கே ஆச்சரியம்.

பதினோராம் பக்கத்தில், ராசிபலனுக்குக் கீழே, மூன்று வரித் திருத்தம் வந்திருக்கிறது. வெட்டாத படம் போட இடமில்லையாம்.

அடுத்த வாரத்திலிருந்து நான் காப்பகத்தில். கீழ்த்தளத்தில் ஜன்னல் இல்லாத அறை. புரூஃப் ரீடருக்கு அடுத்த அறை. "வாங்க மேடம், லிஃப்டைப் பத்தின கவலை உங்களுக்கும் விட்டுச்சு" என்று வரவேற்றார்.

ஏப்ரல் 1, செவ்வாய்

அவருடைய மகன் போன் செய்தான். பெரிய கிரேன் பட்டியலில் அம்மா பெயர் வந்துவிட்டதாம். மேனேஜர் லெட்டரைப் படித்துவிட்டு, "பேப்பர்காரங்களே சொல்லிட்டாங்கன்னா சரிதான்" என்றாராம்.

அந்த மனிதன் திருந்தவே மாட்டான்.

ஏப்ரல் 12, சனி

வெட்டாத படத்தைப் பெரிதாக அச்செடுத்து, சட்டம் போடாமல் சுருட்டிக்கொண்டு மதிய இடைவேளையில் சைட்டுக்குப் போனேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். சிமென்ட் மூட்டைமேல் விரித்து வைத்துக் குனிந்து பார்த்தார். தன் முகத்தைப் பார்க்கவே இல்லை. கிரேனின் கையிலிருந்து கயிறு வழியாக விரலைக் கீழே கொண்டு வந்து, இடிபாட்டில் சாய்ந்து கிடந்த ஒரு பெரிய கான்கிரீட் பலகையில் நிறுத்தினார்.

"இதுக்கு அடியில ரெண்டு பேர் இருந்தாங்க. ஒரு வாட்ச்மேன், அவரோட சம்சாரம். இதைத் தூக்கத்தான் பெரிய கொக்கி கேட்டேன். கொஞ்ச நேரத்துல ரெண்டு பேரையும் உயிரோட எடுத்துட்டோம்."

படத்தில் அந்தப் பலகையை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். வெறும் கல் என்று நினைத்திருந்தேன்.

"அவங்களைப் பத்தி உங்க பேப்பர்ல வந்துச்சா?"

"இல்லை."

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே. அங்கயேதான் இருந்தேன், சாயங்காலம் வரைக்கும்."

கோபமாகச் சொல்லவில்லை. நேரம் கேட்டால் சொல்வதுபோலச் சொன்னார். இடைவேளை முடிந்தது. படத்தைச் சுருட்டி என் கையில் தந்து, மகனிடம் கொடுக்கச் சொல்லிவிட்டு, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போனார்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா கேட்டாள், என்ன சொன்னாங்க என்று.

"அங்கேயேதான் இருந்தாங்களாம்" என்றேன். "சாயங்காலம் வரைக்கும்."

அக்கா எனக்குச் சாப்பாடு எடுத்து வைத்தாள்.